சன்னல் மூலையில் செம்மண்

துவைகல்லில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தான் குத்தாலிங்கம். ஒரு பிடி செம்மண். பெரிதும் சிறிதுமாகச் சில துண்டுகள், மிச்சமெல்லாம் தூள். இவ்வளவுதானா, சன்னல் மூலையில் ஒட்டியிருந்தபோது கோட்டை மாதிரியல்லவா தெரிந்தது என்று நினைத்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. தென்காசிச் சாரலை மழை என்று சொல்லி வீட்டில் உட்காரவும் முடியாது, மழையில்லை என்று நம்பி வெளியே போகவும் முடியாது. மேற்கே மலையைக் காணோம், அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம்தான் இருந்தது. மண் நனைந்துவிடுமே என்று கையை மடக்கி வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டான். வைத்துக்கொண்ட பிறகுதான், இனி நனைந்தால் என்ன, காய்ந்தால் என்ன என்று தோன்றியது. விடிவதற்கு முந்திய கருக்கலில் அவன் மனைவி கோமதி இருமினாள். சன்னலின் மேல்கதவு வழியாகச் சாரல் கட்டில்மேல் அடிக்கிறது, ஏழு மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும் என்று பாதித் தூக்கத்தில் புத்தி சொல்லிற்று, கை போய்க் கயிற்றை அவிழ்த்துக் கதவை இழுத்துச் சாத்திற்று. நொறுக் என்றது. சின்னச் சத்தம்தான், பக்கத்து அறையில் யாரோ முறுக்குக் கடித்த மாதிரி. திரும்பி வந்து படுத்துப் போர்வையை இழுத்துக் கண்ணை மூடின பிறகு ஞாபகம் வந்தது, அந்த ஒரு கதவை மட்டும் ஒரு மாதமாக ஏன் கயிறு போட்டுத் திறந்தே கட்டி வைத்திருந்தோம் என்று. அங்கே குளவி கூடு கட்டியிருந்தது. அந்தக் குளவிக்கூட்டை நொறுக்கிவிட்டுத்தான் அவன் வந்து படுத்திருக்கிறான். அதன் பிறகு எங்கே தூக்கம். கோமதியின் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டபடி வெளுக்கும்வரை கிடந்தான். ஆடி ஞாயிறு என்று மாமியார் அம்மன் கோயிலுக்குக் கிளம்பி, வாசலில் கம்பிக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் பூனை மாதிரி எழுந்து தோட்டத்துப் பக்கம் வந்து, சன்னலுக்கு வெளியே உதிர்ந்து கிடந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டான்.

தோட்டம் என்று இப்போது இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காடு. தை மாதம் கோமதிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்ததும் அவள் அம்மா சங்கரன்கோயிலிலிருந்து பையும் கையுமாக வந்து இறங்கினாள். இறங்கியதும் முதல் வேலையாக அரிவாளை எடுத்துப் பரணில் போட்டாள். "மாப்பிள, பிள்ள பெறந்து பேரு விடுத மட்டும் நீங்க ஒரு இலையக்கூட வெட்டப்படாது பாத்துக்கோங்க. மரஞ்செடி, பாம்பு பல்லி, எறும்புப் புத்து, எதுலயும் கை வைக்கப்படாது. பொஞ்சாதி வயித்துல பிள்ள இருக்கயில புருசன் வெட்டுனா அந்த வெட்டு எங்க போய் விழும்னு சொல்ல முடியாது" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற மனுஷன் அவன். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பான். "சரி அத்த" என்றான். கோமதியின் மனத்திருப்திக்காக என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டான். அவன் மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் வாய் திறக்கவில்லை. மாசியில் மாமரம் பூத்தபோது கோவைக்கொடி அதில் பாதி தூரம் ஏறியிருந்தது. பங்குனியில் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டது, மற்ற வருஷமென்றால் பந்தம் கொளுத்திப் பொசுக்கியிருப்பான். இந்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "சார்வாள், உங்க பூச்சி எங்க வீட்டுக்கு விருந்துக்கு வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எங்கிருந்தோ ஒரு செம்போத்து வந்தது. செக்கச் சிவந்த கண்ணும் காவி இறக்கையுமாகக் கிளைக்குக் கிளை நடந்து பூச்சியைத் தின்றது, பறக்கக்கூட மெனக்கெடவில்லை. சித்திரை வெயிலில் துவைகல் குழாயில் ஒழுகின தண்ணீருக்குத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டன, உச்சிவேளையில் ஒரு கீரி குட்டியோடு வந்து குடித்துப் போனது. வைகாசிக் காற்று வாழையிலையை நார்நாராகக் கிழித்துப் போட்டது. ஆனியில் சாரல் இறங்கியதும் நத்தையும் மரவட்டையும் எங்கிருந்துதான் வந்தனவோ, வாளியைத் தூக்கினால் அடியில் தவளை, கைப்பிடிச் சுவரில் மயில். இதெல்லாம் அவன் கண்ணால் பார்த்தது கொஞ்சம். கோமதி சொல்லிக் கேட்டதே அதிகம். இடது பக்கமாகச் சரிந்து படு, கட்டிலை விட்டு இறங்காதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். இடது பக்கம் சன்னல் இருந்தது. நாலு கதவு வைத்த பழைய காலத்துச் சன்னல், மேலே இரண்டு, கீழே இரண்டு. டாக்டரம்மா கொடுத்த மருந்து பாதியென்றால் அந்தச் சன்னல் பாதி. சாயங்காலம் அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். கீரி இன்னைக்கு தனியா வந்துச்சு அத்தான், குட்டியக் காணும். செம்பருத்தியில ரெண்டு இலையச் சேத்து ஒரு குருவி தைக்கி, நூலு எங்கன வாங்குச்சோ. அவன் சட்டையைக் கழற்றியபடி ம், ம் என்பான். ராத்திரி சோற்றுக்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் கீரிக்குட்டி எங்காவது கிடக்கிறதா என்று தேடிவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது.

குளவி வந்ததையும் அவள்தான் பார்த்தாள். ஒழுகுகிற இதே குழாயடியில் வந்து உட்கார்ந்து, ஈரமண்ணை உருட்டி, வாயில் கவ்விக்கொண்டு சன்னல் நிலையின் மேல்மூலைக்குப் பறக்கும். மண்ணைத் தேய்க்கும்போது ஒரு ரீங்காரம், பல் வைத்தியர் மெஷின் மாதிரி. மாமியார் வந்து நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் முகம் மலர்ந்தது. குளவி கூடு கட்டுகிற வீட்டில் பிள்ளை தங்கும் என்றாள். செம்மண் எடுத்திருக்கிறது, பொம்பளைப் பிள்ளைதான் என்றாள். அன்றைக்கே அவள் கையாலேயே பழைய பாவாடை நாடாவை உருவி மேல்கதவைக் கொக்கியில் இழுத்துக் கட்டினாள். குளவி அறைமேல் அறையாகக் கட்டி, போன வாரம்வரை பச்சைப் புழுவாகத் தேடித் தேடிக் கொண்டுவந்து உள்ளே அடைத்தது. "கொட்டக் கொட்டப் புழுவும் கொளவி ஆயிரும் பாத்துக்கோ" என்று மகளுக்குச் சொன்னாள் மாமியார். இந்தப் பழமொழியை அவன் வருஷா வருஷம் வகுப்பில் கரும்பலகையில் எழுதித் தப்பென்று அடித்துக் காட்டுகிறவன். புழு குளவியாவதில்லை பிள்ளைகளா, புழு அதுக்குச் சாப்பாடு. குளவி கொட்டிப் புழுவை மயக்கிப் போடும், செத்தால் அழுகிவிடும் பார், அதனால் உயிரோடு வைக்கும். அது மேலே முட்டையிட்டு வாயை அடைத்துவிட்டுப் போய்விடும், திரும்பி வராது. முட்டைக்குள்ளிருந்து வருகிற குஞ்சுப்புழு இதைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்து ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். அத்தனையும் தெரிந்தவன்தான் காலையில் பல் துலக்கும்போது ஒருதரம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒருதரம், வந்ததும் ஒருதரம் அந்த மூலையை அண்ணாந்து பார்த்தான். ஓட்டை விழவில்லை, விரிசல் இல்லை, நல்லது. எதற்கு நல்லது என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது அவனுக்கு இருந்தது.

நொறுக். அந்தச் சத்தம் போகமாட்டேன் என்கிறது. இரண்டு தரம் கர்ப்பம் கலைந்துவிட்டது இதற்கு முன்னால். முதல் தரம் மூன்றாம் மாதம், என்னவென்று புரிவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாம் தரம் ஐந்து மாதம். அசைகிறது என்று அவன் கையைப் பிடித்து வைத்துக் காட்டியிருந்தாள். அந்த வாரம்தான் குலை வெட்டிய வாழையை அடியோடு சாய்த்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினாள், இந்தத் தடவை தையல் போட்டிருக்கிறாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறாள். வாழைக்கும் அதற்கும் என்ன. ஒன்றுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் வாழை இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். இப்போது கோயிலிலிருந்து திரும்பிவந்து, மகள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு நிமிர்ந்து மூலையைப் பார்ப்பாள். வெறும் மூலை. ஒரு சிவப்புத் தீற்றல். மாமியார் கிடக்கட்டும், அவள் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும். கோமதி பார்ப்பாளே. இடது பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிவது அந்த மூலைதான். அவள் எதுவும் கேட்கமாட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள், போன தடவை திருப்பிக்கொண்டு நாள்கணக்கில் கிடந்தாளே, அந்த மாதிரி. இன்னும் இரண்டு மாதம் அவள் மனசு உடையாமல் இருக்க வேண்டும். பிள்ளை வேண்டும் என்று அவன் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை, வெட்கமாக இருக்கும். வேண்டும் என்பது என்னமோ உண்மை. எவ்வளவு வேண்டும் என்றால், பொழுது விடியும்போது துவைகல்லில் உட்கார்ந்து உடைந்த மண்ணைப் பொறுக்கிக் கையில் பொத்திவைத்திருக்கிற அளவுக்கு. பூனை தட்டிவிட்டது என்று சொல்லலாமா. காற்று அடித்தது என்று சொல்லலாமா. காற்றுக்குக் கயிற்றை அவிழ்க்கத் தெரியுமா.

கையை மறுபடி விரித்தான். பெரிய துண்டு ஒன்று புரண்டது. அதன் பின்பக்கம் பாதி உடைந்த அறை, புளியங்கொட்டை நீளம். உள்ளே பச்சைப் புழு இரண்டு சுருண்டு கிடந்தன, அவற்றுக்கு மேலே வெண்ணெய் நிறத்தில் இன்னொன்று. குத்தாலிங்கம் கண்ணருகே கொண்டுபோனான். வெண்ணெய் நிறம் தலையை ஆட்டிற்று. அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். சாரலில் ஒரு துளி விழுந்தால் போதும், செத்துவிடும். மறு கையால் மேலே கூரை பிடித்தான். அது மறுபடி தலையை ஆட்டிப் பச்சைப் புழுவின் பக்கம் வாயைக் கொண்டுபோய் வைத்துத் தின்ன ஆரம்பித்தது. வீடு இடிந்து, சுவர் போய், ஒரு வாத்தியார் கையில் கிடக்கிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, பசித்தது, தின்கிறது. சிரிப்பு வந்தது அவனுக்கு. கண்ணும் கலங்கிற்று. இரண்டும் ஒன்றாக வந்ததால் மூக்கு ஒழுகிற்று, துடைக்கக் கை இல்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. படித்த மனுஷனுக்கு வரக்கூடிய எண்ணமில்லை. வந்துவிட்டது. அறையை அப்படியே ஒரு செம்பருத்தி இலையில் வைத்து, துவைகல்லுக்கு அடியில் நனையாத இடத்தில் தள்ளிவிட்டுக் குழாயடியில் குந்தினான். இலை பறித்தாகிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு இலையக்கூட என்று சொல்லியிருந்தாளே. கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

மண் குழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று தெரிந்தது. தண்ணீர் கூடினால் வழிகிறது, குறைந்தால் உதிர்கிறது. பொறுக்கிய துண்டுகளை நுணுக்கி அதையும் சேர்த்துப் பிசைந்தான், நிறம் ஒத்துப்போகட்டும் என்று. குளவி வாயில் எச்சில் இருக்கும், அதுதான் பசை. யோசித்துப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவனும் மண்ணில் துப்பிக்கொண்டான். முன்கால், கொடுக்கு, இடுப்பு நூலாக இருக்கிற ஒரு பூச்சி எத்தனை நடை பறந்து இதைக் கட்டியது. முப்பத்தெட்டு வயசு ஆள், இரண்டு கை, பத்து விரல், பி.எஸ்ஸி., பி.எட்., ஒரு சுவர் நிற்கமாட்டேன் என்கிறது. கட்டைவிரல் பெரிதாக இருந்தது. சுண்டுவிரலால் தேய்த்தான். சின்ன வயதில் கண்மாய்க் களிமண்ணில் மாடு செய்தால் எப்போதும் கொம்பு உடைந்துவிடும், கொம்பில்லாத மாட்டைப் பன்றி என்று அண்ணன் கேலி பண்ணுவான். செம்பருத்திக்குள் தையல்சிட்டு இரைந்தது, கிட்டத்தில் ஆள் இருக்கிறது என்று வீட்டுக்காரிக்குச் சொல்கிறதோ என்னவோ. இருக்கிறேன், உன்னை ஒன்றும் பண்ணமாட்டேன், எனக்கே இங்கே ஆயிரம் வேலை. தை மாதம் இந்த இடம் மொட்டைத் தரையாக இருந்தது, பெருக்கி வாரிப் பாம்பு வந்தால் தெரிகிற மாதிரி வைத்திருந்தான். அவன் கை வைக்காமல் இருந்ததும் அத்தனையும் வந்து குடியேறிக்கொண்டது. கை வைக்காமல் இருந்தால் போதுமா எல்லாம் தங்குவதற்கு. கோமதி வயிற்றில் இருப்பதற்கும் அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லையே, ம், ம் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பதைத் தவிர. அதுதான் தாங்கமுடியவில்லை. எதையாவது பிடிக்க வேண்டும், எதையாவது சாத்த வேண்டும், கயிற்றை அவிழ்க்க வேண்டும். சும்மா இருக்கத் தெரியாத கை. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இப்போது அறையின் உடைந்த பக்கத்தை மூடினான், மெல்லிசாக, உள்ளே இருப்பது நாளைக்கு ஓட்டை போட முடிகிற அளவுக்கு மெல்லிசாக. மூடுவதற்கு முன்னால் ஒருதரம் எட்டிப் பார்த்தான். தின்றுகொண்டிருந்தது.

சன்னலுக்கு வெளியே நின்று மேல்கதவைச் சத்தமில்லாமல் விலக்கினான். கம்பிகளுக்குப் பின்னால் அறை இருட்டாக இருந்தது. நிலையின் மூலையில் பழைய கூட்டின் தடம் இருந்தது, அதில் ஈரத்தைத் தொட்டு வைத்துக் கூட்டை அழுத்திப் பிடித்தான். விழுந்தது. பிடித்துக்கொண்டான், நல்லவேளை. மறுபடி வைத்தான். கையை எடுக்கப் பயந்து, குதிங்காலைத் தூக்கி, ஒரு கை மேலேயும் ஒரு கை கம்பியிலுமாக நின்றுகொண்டிருந்தான். சாரல் சட்டைக் காலருக்குள் இறங்கி முதுகுவழியாக வழிந்தது. எவ்வளவு நேரம் பிடித்தால் காயும், இந்த ஈரத்தில் என்றைக்குக் காயும்.

"போதும் அத்தான், ஒட்டிருச்சு. கையை எடுங்க" என்றாள் கோமதி.

கீழ்க்கதவு திறந்திருந்தது. அவன் சாத்தியது மேல்கதவை மட்டும்தான். கட்டிலில் இடது பக்கமாகச் சரிந்து, கன்னத்துக்குக் கீழே கை வைத்து, இந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். துவைகல்லும் குழாயடியும் அங்கிருந்து நேராகத் தெரியும். ஆறு மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருப்பதே அதைத்தானே.

"ஒறங்கலையா நீ?"

"நீங்க எந்திரிச்சப்பவே முழிச்சாச்சு. எவ்வளவு நேரமா நனையுதீங்க."

அவன் கையை எடுத்தான். கூடு நின்றது, கொஞ்சம் கோணலாக. குளவி பார்த்தால் கேஸ் போடும்.

"கதவ நான்தான் சாத்துனேன் கோமதி. நீ இருமுன. தூக்கத்துல மறந்துட்டேன்."

"தெரியும். சத்தம் கேட்டுச்சு." குரலை லேசாக்கிக்கொண்டு மேலே சொன்னாள். "அதுக்குப் போயி இப்படியா. அது காலிக் கூடு அத்தான். வெள்ளிக்கிழமையே ஓட்ட போட்டுப் பறந்துட்டு, எல்லாமே பறந்துட்டு. நான் பாத்தேன். நீங்க தெனமும் போகயில வரயில அண்ணாந்து பாப்பீங்களா, சொன்னா சங்கடப்படுவீங்கன்னு நெனச்சு நான்தான் சொல்லல."

குத்தாலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். கண் இமைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையில்கூடப் பல் துலக்கிக்கொண்டே பார்த்தான், ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. படுத்துக்கிடந்தபடியே எப்போது இதை ஜோடித்தாள். அவன் குழாயடியில் குந்தி மண்ணில் துப்பிக்கொண்டிருந்தபோதா. அந்த நொறுக்கை அவளும் கேட்டிருக்கிறாள், அவளும்தான் விடிய விடிய முழித்துக் கிடந்திருக்கிறாள், மூச்சை மட்டும் தூங்குகிறவள் மாதிரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. அவளுக்குத்தான் பயம், அவளைத் தேற்ற வேண்டும் என்று அவன் நினைத்திருக்க, வயிற்றில் ஒன்றைச் சுமக்கிறவள் அவனையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். காலிக் கூடுதான் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடலாம்.

"எல்லாம் பறக்கல" என்றான். "உள்ள ஒண்ணு இருக்கு. நான் கண்ணால பாத்தேன். உசுரோட இருக்கு, தின்னுக்கிட்டு இருக்கு."

கோமதியின் பார்வை அவனை விட்டு மேல்மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, பிறகு நேராயிற்று. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பம் அந்தக் கதவ அடைக்காதீங்க" என்றாள்.

"சாரல் அடிக்கும். ஒனக்குச் சளி பிடிக்கும்."

"நீங்க இங்கன வந்து மறிச்சு உக்காருங்க."

அவன் காலில் ஒட்டிய சேற்றைக்கூடக் கழுவாமல் உள்ளே போனான். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். சன்னலுக்கு முதுகைக் காட்டிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான், கொஞ்சம் இடமாகவும் கொஞ்சம் வலமாகவும் நகர்ந்து பார்த்து, சாரல் அவள்மேல் படாத இடமாகப் பார்த்து.